கருத்து தவறியது, கணக்கு தவறவில்லை!

எகிப்திலும் சூடானிலும் 40 ஆண்டுகள் மண்ணைத் தோண்டிய பேராசிரியர் ரைஸ்னரின் கதை

எகிப்து என்றதும் நம் கண் முன்னே வருபவை பிரமிடுகள். ஆனால் பிரமிடுகளின் எண்ணிக்கையில் எகிப்தையே மிஞ்சிய நாடு ஒன்று உண்டு. அது எகிப்துக்குத் தெற்கே உள்ள சூடான்! அங்கே 200-க்கும் மேற்பட்ட பிரமிடுகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் நூபியர்கள்; நைல் நதியின் மேல்புறத்தில் வாழ்ந்த கறுப்பு நிற மக்கள். அவர்களுடைய மன்னர்கள் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்து, எகிப்தையே தங்கள் ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தார்கள்.

இந்தச் சரித்திரத்தை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தவர்களில் முதலாவதாகச் சொல்ல வேண்டியவர் ஜார்ஜ் ரைஸ்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர். அதே நூபிய மக்களின் பெருமையை உலகம் நெடுங்காலம் உணராமல் போனதற்கும் அவரே ஒரு காரணம்! கண்டெடுத்தவரே மறைத்தாரா என்று வாசகர்கள் கேட்கலாம். மறைக்கவில்லை. கண்டதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைத்தார். ஆனால் எழுதியதற்குத் தவறாகப் பொருள் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அவர் எழுதி வைத்த கணக்கைக் கொண்டே அவர் சொன்ன பொருளைத் திருத்தினார்கள். அந்த வரலாறுதான் இது.

பாபிலோனிலிருந்து பிரமிடுக்கு

ரைஸ்னர் 1867-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து 1893-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் படித்தது எகிப்தைப் பற்றி அல்ல. பாபிலோன் முதலிய நாடுகளின் பழைய மொழிகளை! மேல்படிப்புக்காக ஜெர்மனி சென்ற இடத்தில்தான் எகிப்திய எழுத்து அவரைப் பிடித்துக்கொண்டது.

கெய்ரோ அருங்காட்சியகத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை பட்டியல் தயாரிப்பது. பெட்டி பெட்டியாகக் கிடந்த தாயத்துகளையும் பொம்மைப் படகுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, வர்ணித்து, எண் போட்டு எழுத வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இந்தக் குமாஸ்தா வேலை அவருக்கு ஒரு பாடம் கற்றுக் கொடுத்தது. அருமையான பொருள் கையில் இருக்கும். அது எந்த ஊரில், எந்தக் கல்லறையில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் இராது. விவரம் இல்லாத பொருள் விலாசம் இல்லாத கடிதத்தைப் போன்றது. யாருக்கும் பயன்படாது.

1899-இல் பீபி ஹர்ஸ்ட் என்ற செல்வச் சீமாட்டி பணம் கொடுக்க முன்வந்தார். ரைஸ்னர் அகழ்வு வேலையில் இறங்கினார். 1905-இல் அந்தப் பண உதவி நின்றதும் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் சேர்ந்து அவரை ஏற்றுக்கொண்டன. அன்று தொடங்கிய கூட்டு முயற்சியை அவர் தம் மரணம் வரை நடத்தினார்.

பொன் வேட்டையும் மண் வேட்டையும்

அதற்கு முன்பு புதைபொருள் தேடியவர்கள் எப்படித் தோண்டினார்கள் தெரியுமா? 1834-இல் பெர்லினி என்ற இத்தாலிய டாக்டர் சூடானில் உள்ள மெரோவே பிரமிடுகளுக்கு வந்தார். பொன்னுக்கு ஆசைப்பட்டுப் பிரமிடுகளின் தலையை உடைத்துத் தள்ளினார். ஓர் அரசியின் நகைகள் கிடைத்தன. அவை இன்று ஜெர்மனியில் இருக்கின்றன. உடைந்த பிரமிடுகள் மொட்டையாகவே நிற்கின்றன.

ரைஸ்னரின் வழி இதற்கு நேர்மாறானது. மண் ஒரே நாளில் குவிவதில்லை. ஒரு காலத்துக் குப்பைக்கு மேல் அடுத்த காலத்துக் குப்பை, அதன் மேல் காற்று கொண்டுவந்த மணல் என்று அடுக்கடுக்காக ஏறுகிறது. ஆகவே கடைசியாக விழுந்த அடுக்கை முதலில் நீக்க வேண்டும். ஓர் அடுக்கை முழுவதும் பார்த்து முடிக்காமல் அடுத்ததில் கை வைக்கக் கூடாது. ஒரு பானை ஓடு தென்பட்டாலும் அது கிடந்த இடத்திலேயே போட்டோ எடுக்க வேண்டும். வரைபடத்தில் குறிக்க வேண்டும். எண் போட வேண்டும். அன்றன்றே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்ற பேச்சே இல்லை.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? அகழ்வு என்பது ஒரே தடவை செய்யக்கூடிய வேலை. ரசாயனப் பரிசோதனை தவறிவிட்டால் மறுபடி செய்து பார்க்கலாம். தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது. எடுத்த மண் எடுத்ததுதான்; எழுதாமல் விட்ட விவரம் என்றைக்கும் திரும்பாது.

ஊர்ப் பெயரே தொழிலின் பெயர்

இந்த வேலையெல்லாம் ஒரு பேராசிரியர் தனியாகச் செய்துவிட முடியுமா? அவருக்குக் கையும் கண்ணுமாக இருந்தவர்கள் குஃப்த் என்ற எகிப்திய ஊரைச் சேர்ந்த தொழிலாளர்கள். நைல் கரையில் லக்ஸர் நகருக்கு வடக்கே உள்ள சிற்றூர் அது. 1890-களில் பெட்ரி என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் அவ்வூரார் சிலருக்கு அகழ்வுத் தொழிலைப் பழக்கினார். பிறகு தகப்பனிடமிருந்து மகன், அண்ணனிடமிருந்து தம்பி என்று தொழில் பரவியது. குஃப்திகள் என்றாலே தேர்ந்த அகழ்வாளர்கள் என்று பொருளாயிற்று.

வேலை எங்கே இருக்கிறதோ அங்கே இவர்கள் போனார்கள். ஊரையும் உறவையும் விட்டு, கெய்ரோவை அடுத்த கீஸாவுக்கும், எல்லை தாண்டிச் சூடான் பாலைவனத்துக்கும் ரைஸ்னருடன் சென்றார்கள். பிழைப்புக்காக வெளியூர் போய்க் கூட்டமாகத் தங்கி வேலை செய்வது எப்படி இருக்கும் என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரைஸ்னர் இவர்களை வெறும் மண்வெட்டிக் கூலிகளாக வைத்திருக்கவில்லை. சிலருக்குக் காமிராவைக் கையாளக் கற்றுக் கொடுத்தார். அவருடைய முகாமின் கண்ணாடித் தகடு போட்டோக்களில் பெரும்பாலானவை எகிப்தியர்களே எடுத்தவை. முகமதானி இபுராகிம் என்பவர் மட்டும் பல ஆயிரம் படங்கள் எடுத்தார். சயீத் அகமது என்ற தலைமை மேஸ்திரியும் அவர் குடும்பத்தாரும் வேலைத்தலத்தை நிர்வகித்ததோடு நில்லாமல், அரபு மொழியில் தினசரிக் குறிப்பேடும் எழுதி வந்தார்கள். இந்தக் குறிப்பேடுகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

அணைக்கு முன்னே ஓர் ஓட்டம்

1907-இல் ஆஸ்வான் அணையை உயர்த்த முடிவாயிற்று. அணை உயர்ந்தால் தெற்கே நூபியாவின் ஊர்களும் இடுகாடுகளும் நீரில் மூழ்கும். மூழ்குவதற்கு முன் ஆராய்ந்துவிட வேண்டும் என்று எகிப்து அரசு ரைஸ்னரை அழைத்தது. ஓர் அணைக்காக ஒரு பிரதேசம் முழுவதையும் முன்கூட்டி ஆராய்ந்த முதல் பெரு முயற்சி இதுவே எனலாம்.

அங்கே கிடைத்த கல்லறைகளுக்கு உரிய மக்களின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. எழுத்தும் இல்லை. ரைஸ்னர் பானை, சமாதியின் வடிவம், பிணத்தைக் கிடத்திய முறை ஆகியவற்றைப் பார்த்து, ஏ பிரிவு, சி பிரிவு என்று ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டார். நூறு ஆண்டு கடந்தும் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பெயர்களைக் கைவிடவில்லை.

கெர்மாவில் கண்டது

1913-இல் அவர் சூடானுக்குள் வெகுதூரம் சென்று, நைலின் மூன்றாவது வீழ்ச்சிக்குத் தெற்கே உள்ள கெர்மாவில் தோண்டத் தொடங்கினார். பச்சைச் செங்கல்லால் கட்டிய ஒரு கட்டடம், ஆறு மாடி உயரத்துக்குப் பாறை போல நின்றுகொண்டிருந்தது. ஊரார் அதைத் 'தெஃபூஃபா' என்பார்கள். கிழக்கே ஒரு பெரிய இடுகாடு. அங்கே வட்ட வடிவமான மண்மேடுகள். பெரியவை ஏறக்குறைய 300 அடி அகலம்! அவற்றுக்குள் மன்னர்களைக் கட்டிலில் கிடத்திப் புதைத்திருந்தார்கள். ஒரே மேட்டில் மன்னனுடன் பலியாகப் புதைந்தவர்கள் 300-க்கும் அதிகம்.

பானைகளோ அற்புதம். சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்தவை. முட்டை ஓடு போல மெல்லியவை. கீழே சிவப்பு, மேலே கறுப்பு, நடுவில் வெள்ளி போன்ற சாம்பல் நிறப் பட்டை. அக்கால எகிப்தில் இதற்கு ஈடான பானை இல்லை என்று சொல்லலாம்.

இவற்றின் நடுவே எகிப்தியச் சிலைகளும் கிடைத்தன. ஹாப்பிஜெஃபா என்ற எகிப்தியக் கவர்னரின் உடைந்த சிலை ஒன்று. அவர் மனைவி செனுவியின் அழகிய கருங்கல் சிலை ஒன்று.

இங்கேதான் ரைஸ்னர் தடம் புரண்டார். எகிப்தியக் கவர்னர் ஒருவர் கெர்மாவில் இருந்து ஆட்சி செய்தார். இறந்ததும் அந்தப் பெரிய மேட்டில் அவரையே புதைத்தார்கள். தெஃபூஃபா எகிப்தியர்களின் கோட்டை. இந்த நாகரிகமே எகிப்தியர் கொண்டுவந்தது என்று முடிவு கட்டினார். கறுப்பு மக்கள் தாங்களாகவே இப்படி ஒரு ராஜ்யத்தைக் கட்டியிருக்க முடியும் என்று நம்ப அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. அக்கால வெள்ளை நாட்டுப் படிப்பாளிகள் பலருக்கு இருந்த நிறவெறி அவருக்கும் இருந்தது. தங்க மனை போல அவர் கண் முன்னே சான்றுகள் கிடந்தன. கண்ணாடியின் நிறம் பார்வையைக் கெடுத்துவிட்டது.

மேடுகளின் கால வரிசையிலும் இதே கோளாறு. பெரிய மேடுகள்தான் முதலில் எழுந்தவை. எகிப்தியர் போன பிறகு நாகரிகம் தேய்ந்து, சிறிய மேடுகள் வந்தன என்றார். வளர்ச்சியாகப் படிக்க வேண்டியதைத் தேய்வாகப் படித்தார்.

மன்னர் வரிசையும் மனைக் கணக்கும்

கெர்மாவுக்குப் பிறகு 1916 முதல் 1923 வரை ஜெபெல் பர்க்கல், நூரி, எல் குர்ரு, மெரோவே ஆகிய இடங்களில் வேலை நடந்தது. எகிப்தை ஆண்ட நூபிய மன்னர்களின் கல்லறைகள் இங்கேதான் வெளிப்பட்டன. எல் குர்ருவில் நின்ற நிலையில் புதைத்த 24 குதிரைகள். நூரியில் தஹர்க்கா மன்னனின் பிரமிடுக்கு அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்பாவைகள். ஜெபெல் பர்க்கலில் உடைத்துப் புதைத்திருந்த மன்னர் சிலைகள்.

இந்த மன்னர்களில் யாருக்குப் பின் யார்? பட்டியல் எதுவும் இல்லை. ரைஸ்னர் ஒரு யுக்தி செய்தார். புதிதாக மனை பிரித்தால் நல்ல மனையை முதலில் வந்தவர் எடுத்துக்கொள்வார். பிந்தி வந்தவருக்கு ஓரத்து மனைதானே? இடுகாட்டிலும் அப்படித்தான். எந்தப் பிரமிடு நல்ல மேட்டில் இருக்கிறது, எது சரிவில் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்தார். கட்டட முறையையும் உள்ளே கிடைத்த பொருள்களையும் ஒத்துப் பார்த்தார். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட மன்னர் வரிசை உருவாயிற்று. பிறகு பல திருத்தங்கள் வந்தன. ஆனாலும் அடித்தளம் அவர் போட்டதே. இந்த மன்னர்களும் லிபியாவிலிருந்து வந்த வெளுத்த நிறத்தார் என்று அவர் எழுதியது மட்டும் நிற்கவில்லை.

அரசி இல்லாத பெட்டி

1925 பிப்ரவரி. ரைஸ்னர் அமெரிக்காவில் இருந்தார். கீஸாவில் பெரிய பிரமிடுக்குப் பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது காமிரா முக்காலியின் கால் சுண்ணாம்புப் பூச்சில் இறங்கியது. கீழே ஒரு ரகசியக் குழி! சுமார் 90 அடி ஆழத்தில், பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனின் தாய் ஹெதெப்ஹெரஸ் அரசியின் பொருள்கள் இருந்தன.

கட்டில், நாற்காலி, பல்லக்கு எல்லாம் மரம் உளுத்துப் பொடியாகி, மேலே ஒட்டியிருந்த பொன் தகடு மட்டும் குப்பையாகக் கிடந்தது. வாரிக்கொண்டு போயிருந்தால் சில கிலோ பொன் மிஞ்சியிருக்கும். ரைஸ்னரின் ஆட்கள் மாதக்கணக்கில் பாய்களின் மேல் படுத்தபடி, இடுக்கியால் துண்டு துண்டாக எடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டோக்கள். 1,700 பக்கக் குறிப்புகள். அந்தக் குறிப்புகளை வைத்தே புது மரத்தில் பழைய பொன்னைப் பொருத்தி, 4,500 ஆண்டுக்கு முந்திய கட்டிலையும் நாற்காலியையும் மறுபடி நிறுத்தினார்கள். 1927-இல் பெரிய மனிதர்கள் சூழ்ந்து நிற்க, அரசியின் கல்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை! அரசி வீட்டில் இல்லை என்று ரைஸ்னர் வேடிக்கையாகச் சொல்லி வைத்தாராம்.

கண் மங்கிய பிறகும்

முதுமையில் அவர் கண்பார்வை மங்கியது. அப்போதும் ஊர் திரும்பவில்லை. கீஸா முகாமிலேயே இருந்து, வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். துப்பறியும் நாவல்கள் என்றால் அவருக்கு உயிர். ஆயிரத்துக்கும் மேல் சேர்த்து ஹார்வர்டுக்கே கொடுத்தார். 1942 ஜூன் 6-ஆம் தேதி, பிரமிடின் நிழலில் இருந்த முகாமிலேயே காலமானார். அடக்கம் நடந்ததும் கெய்ரோவிலேயே.

தோண்டியதில் பெரும்பகுதி அச்சேறவில்லை. மாணவர் டோஸ் டன்ஹாம் முன்வந்தார். நூபிய அரச கல்லறைகள் பற்றிய ஐந்து பெரும் தொகுதிகளை 1950 முதல் 1963 வரை ஒவ்வொன்றாக வெளியிட்டார். குருவின் கையெழுத்துக் குறிப்பைச் சிஷ்யர் நூலாக்கினார்.

ஏட்டைத் திருப்பிப் படித்தவர்கள்

கெர்மா முடிவைப் பற்றி 1920-லேயே யுங்கர் என்ற ஜெர்மன் அறிஞர் சந்தேகம் கிளப்பினார். 1964-இல் ஹின்ட்ஸே என்பவர் மேடுகளின் வரிசையையே தலைகீழாக்கினார். 1978-இல் பிரிஜித் கிராசியேன் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பானைகளை வகை பிரித்து, சிறிய மேடுகளே பழையவை, பெரியவையே கடைசி என்று வரிசைப்படுத்திக் காட்டினார். தேய்ந்த நாகரிகம் அல்ல. சிறு தலைவர்களாகத் தொடங்கிப் பேரரசர்களாக வளர்ந்த நாகரிகம்!

இவர்களுக்கு ஆதாரம் எது? பெரும்பாலும் ரைஸ்னரின் பதிவுகளேதான். எந்தப் பானை எந்தக் கல்லறையில் கிடந்தது என்று அவர் எழுதி வைத்திராவிட்டால் அவரைத் திருத்தவே முடிந்திராது.

பிறகு வந்தவர் சார்ல்ஸ் போனே. 1933-இல் ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவாவுக்கு அருகே திராட்சைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். தோட்ட வேலையோடு படித்துத் தொல்பொருள் அறிஞரானவர். 1970-களிலிருந்து பல பத்தாண்டுகள் கெர்மாவிலேயே தோண்டினார். தெஃபூஃபாவைச் சுற்றி ஒரு நகரமே வெளிப்பட்டது. மதிற்சுவர், தெருக்கள், வீடுகள், ரொட்டி சுடும் அடுப்புகள், மன்னர் சபை கூடிய பெரிய வட்டக் குடிசை! தெஃபூஃபா எகிப்தியர் கோட்டை அல்ல. அந்த நகரத்தாரின் கோயில். ஒரு சமாதியைச் சுற்றி மட்டும் 4,000-க்கும் அதிகமான மாட்டுத் தலைகள் வரிசையாக வைத்திருந்தார்கள். அத்தனை மாடு வெட்டிப் படைக்கக்கூடிய மன்னன் யாருக்கும் கப்பம் கட்டும் சிற்றரசனா?

2003-ஆம் ஆண்டு ஜனவரியில் கெர்மாவுக்குப் பக்கத்திலேயே ஒரு குழியில் போனே குழுவினர் ஏழு கருங்கல் சிலைகளின் துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். ஐந்து நூபிய மன்னர்களின் சிலைகள் அவை. அதே ஆண்டு எகிப்தில் எல் காப் என்ற இடத்தில் ஒரு கவர்னரின் கல்லறையைச் சுத்தம் செய்தபோது ஒரு கல்வெட்டு தெரிந்தது. நூபியர் பெரும் படையுடன் எகிப்துக்குள் புகுந்து தாக்கிய செய்தி அதில் இருந்தது. ஹாப்பிஜெஃபாவின் சிலை கெர்மாவுக்கு எப்படிப் போயிற்று என்ற கேள்விக்கு இப்போது விடை எளிது. கவர்னர் ஆள வரவில்லை. அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பின், அவர் சிலையைக் கெர்மா மன்னர்கள் கொண்டுவந்தார்கள். அதைக் கொள்ளைப் பொருள் என்றே அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

2019-இல் பாஸ்டன் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள நூபியப் பொருள்களைக் காட்சிக்கு வைத்தபோது, ரைஸ்னரின் நிறவெறி தவறான முடிவுகளுக்குக் காரணமாயிற்று என்று தானே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

மேஸ்திரியின் குறிப்பேடு

அரபுக் குறிப்பேடுகளுக்கு வருவோம். 70-க்கும் மேற்பட்ட அந்த நோட்டுகளைத் தலைமை மேஸ்திரியின் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்தார்கள். இந்த நூற்றாண்டில்தான் அவை அறிஞர்களின் கைக்கு வந்து மொழிபெயர்ப்பு தொடங்கியது. எந்தக் குழியை யார் தோண்டினார், என்ன கிடைத்தது என்பவற்றைத் தொழிலாளர்களே எழுதிய சாட்சியம் அது. நூல்களின் அட்டையில் ஏறாத பெயர்கள் அந்த ஏடுகளில் இருக்கின்றன.

2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டது. தலைநகர் கார்ட்டூமில் இருந்த தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. பெயர்த்தெடுக்க முடியாத பெரிய சிலைகள் தப்பின. கையில் அகப்பட்ட சிறு பொருள்கள் ஏராளமாகக் களவு போயின. அவை என்றாவது ஏதோ ஒரு நாட்டு ஏலக் கடையில் தலைகாட்டினால், இது எங்கள் பொருள் என்று சூடான் எப்படி நிரூபிக்கும்? பழைய போட்டோவும் பதிவேட்டு எண்ணும்தான் சாட்சி.

ரைஸ்னரின் முடிவுகளில் பல காலத்தோடு போய்விட்டன. அவரும் அவருடைய குஃப்த் ஊர்த் தோழர்களும் அன்றன்றைக்கு எழுதிய ஏடுகள் நிற்கின்றன. நாளெல்லாம் பேரேட்டில் எண்களை ஏற்றிக்கொண்டிருப்பவர்களுக்கும், ஸ்டோர் ரூமில் வரவு செலவு எழுதுபவர்களுக்கும் இதில் ஓர் ஆறுதல் உண்டு. மேலே இருப்பவர் சொல்லும் அபிப்பிராயம் நாளைக்கு மாறலாம். நேர்மையாக எழுதிய ஒரு வரி யாரும் எதிர்பாராத காலத்தில், யாரும் எதிர்பாராத ஒரு மக்களுக்கு, அவர்களுடைய சரித்திரத்தையே திருப்பிக் கொடுத்துவிடக்கூடும்.